ஸ்டிக்கர் உரியாத பெட்டி

அந்தப் பையை மேலே போடாதீங்க, தம்பி. டிரைவர் ஒரு பிரேக் போட்டால் கிட்டார் கழுத்தும் முறியும், கீழே உட்கார்ந்திருக்கிறவன் கழுத்தும் முறியும். மடியில் வைங்க. இல்லை, ஜன்னல் பக்கம் வாங்க, நான் தள்ளிக்கொள்கிறேன். என் பையும் மடியில்தான் இருக்கிறது, பார்த்தீங்களா? குடை மட்டும்தான் காலடியில். சரக்கின் அருமை தெரிந்தவன் சரக்கை மடியை விட்டு இறக்க மாட்டான்.

மதுரைக்கா? எதுக்கு? பெடல் வாங்கவா, ப்ராசசர் வாங்கவா?

இன்னும் முடிவு பண்ணவில்லையா! அப்படிப் போடுங்க. அப்போ சரியான ஆள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கீங்க. என்னைத் தெரியவில்லையா? நயினார் மெல்லிசைக் குழு, பாளையங்கோட்டை. அந்த நயினார் நான்தான். முகம் தெரிந்திருக்காது, நான் மேடை ஏறுகிற ஆள் இல்லை. கூட்டத்துக்கு நடுவே சவுண்டு மிக்ஸரை வைத்துக்கொண்டு ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பான் இல்லையா, அவன்தான். என் சத்தத்துக்கு மைக் வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் விடவில்லை, அதுதான் விட்டது. மார்க்குக்கு வாத்தியாரிடம் பேரம் பேசினேன் என்று வெளியே தள்ளிவிட்டார்கள். அப்புறம் கல்யாண வீட்டுக் கம்பங்களில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். ஷாக் அடித்தது, விழுந்தேன், மறுபடி ஏறினேன். ஊமையாய்ப் போன ஆம்ப்ளிபயரை வாங்கிப் பேச வைத்து விற்றேன். அப்படி அப்படியே ஒரு குழுவுக்கே சொந்தக்காரன் ஆனேன். யாரும் தூக்கிவிடவில்லை, தம்பி. காலை வாரினவர்கள்தான் உண்டு. அவர்களிடமும் பேரம் பேசித்தான் எழுந்தேன்.

உங்க கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ப்ராசசர்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க. கம்பெனிக்காரன் அதற்கு ஆம்ப் மாடலர் என்று பேர் வைத்திருக்கிறான். நான் பெட்டி என்பேன். ஒரே பெட்டிக்குள் நூறு ஆம்ப், நூறு பெடல். எதுவும் அசல் இல்லை, எல்லாம் அசல் மாதிரி. கேட்கிறவனுக்குத் தெரியவா போகிறது? பெடல் அப்படி இல்லை. காலால் மிதிக்கிற சின்ன டப்பா, ஒன்றுக்கு ஒரு வேலைதான் தெரியும். ஒன்று கரகரக்கும், ஒன்று எதிரொலிக்கும், ஒன்று மூக்கால் அழும். வாசலைப் பெருக்க ஒருத்தன், தண்ணி தெளிக்க ஒருத்தன், கோலம் போட ஒருத்தன் என்று ஆள் வைக்கிற மாதிரி. கட்டுப்படி ஆகுமா?

என்ன சிரிக்கிறீங்க? உங்க மாஸ்டர் பெடல்தான் வாங்கணும் என்று சொன்னாரா? மாஸ்டர் சொல்வார். என் கிட்டார்காரன் ஆசீரும் அப்படித்தான் சொன்னான். கேளுங்க, அந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்தால் நீங்களே பெட்டிதான் என்பீங்க.

ஆசீர் சர்ச்சில் வாசித்துப் பழகின கை. பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், மீசையில் பாதி நரைத்துவிட்டது. அவன் கிட்டாரைத் தொட்டால் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் இலையை மூடாமல் எழுந்து வந்து நிற்பான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பலகை உண்டு. பழைய பீரோக் கதவை அறுத்து, அதன்மேல் பெடல்களை வரிசையாகத் திருகி வைத்திருப்பான். ஒவ்வொரு பெடலிலும் குமிழ் எந்த இடத்தில் நிற்கணும் என்பதற்குச் சிவப்பாக ஒரு புள்ளி. நகப்பாலிஷ். யார் நகப்பாலிஷ்? என் பெண்டாட்டி உலகம்மாளுடையது. அவள்தான் எங்கள் குழுவில் பெண் குரல். தன் நகத்துக்குப் போட்டதைவிட அவன் பெடலுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

கச்சேரிக்கு முன்னால் அந்தப் பலகைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். கூட்டம் வந்துவிட்டது, கமிட்டிக்காரர்கள் மாலையோடு நிற்கிறார்கள், இவன் ஒவ்வொரு வயராகக் காதில் வைத்துப் பார்க்கிறான்.

"ஏலே ஆசீரு, வாசிக்க வந்தியா, வயரிங் வேலைக்கு வந்தியா?"

"ஒரு வயர் செத்துப்போச்சு அண்ணாச்சி."

"எந்த வயருலே?"

"அதைத்தான தேடுதேன்."

எனக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? கொதித்தது. ஒரு நாள் முடிவு பண்ணினேன். பலகை குழு வேனில்தான் கிடக்கும். எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஆசீரிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டான், அதனால் கேட்கவில்லை. கேட்டு, அவன் மாட்டேன் என்று சொல்லி, அதையும் மீறி நான் எடுத்தேன் என்றால் அது அவனுக்கு மரியாதைக் குறைவு இல்லையா? நான் மரியாதை தெரிந்தவன்.

மதுரையில் ஒரு சந்துக்குள் இதாயத்துல்லா பாய் கடை. புதுசும் பழசும் வைத்திருப்பார். பேரத்தில் என் முறை என்ன தெரியுமா? தொழில் ரகசியம், உங்களுக்காகச் சொல்கிறேன். விலை படியவில்லை என்றால் விறுட்டென்று கடையை விட்டு வெளியே போய்விடுவேன். ஆனால் குடையை வேண்டுமென்றே அங்கே விட்டுவிட்டுப் போவேன். கொஞ்சம் தள்ளிப் போய், அட, குடையை மறந்துட்டேனே என்று திரும்பி வருவேன். நான் பேரத்துக்கு வரவில்லை, குடைக்குத்தானே வந்தேன், என் கவுரவம் அப்படியே இருக்கிறது. அதற்குள் கடைக்காரன் மனசு இளகியிருக்கும்.

பாய் அந்தப் பலகையைக் கையில் வாங்கிச் சிவப்புப் புள்ளிகளைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது கை பழகின சாமான். வாசிக்கிற ஆள்கிட்ட கேட்டீங்களா?"

"ஆளுக்கு ஆளு நான்தான் பாய். இதை எடுத்துக்கிட்டுப் புதுப் பெட்டிக்கு விலையைக் குறைங்க."

அவர் குறைத்தார், நான் போதாது என்றேன், அவர் மறுத்தார், நான் விறுட்டென்று எழுந்தேன். வாசல் தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடிவந்தார். "அண்ணாச்சி, குடை!" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கென்ன, கண்ணாடியை மறந்துட்டேன் என்று உள்ளே போனேன். பெட்டியோடுதான் வெளியே வந்தேன்.

ஆசீர் பெட்டியைப் பார்த்தான். வேனுக்குள் எட்டிப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

"பலகை எங்க அண்ணாச்சி?"

"இதுக்குள்ளதான் இருக்கு. உன் பெடல் எல்லாம் இதுக்குள்ள. போதாததுக்கு ஊரான் பெடலும் இருக்கு."

உலகம்மாள்தான் கேட்டாள். "ஏங்க, நாளைக்கு எனக்குப் பதிலாவும் ஒரு பெட்டி வாங்கியாந்துருவீங்களோ?"

"பாடுற பெட்டி வரட்டும், பாப்போம்" என்றேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவில்பட்டி வந்துவிட்டது. கடலைமிட்டாய் வாங்குறீங்களா? இங்கே பஸ்ஸுக்குள் வருகிறவனிடம் வாங்காதீங்க. இறங்கிப் போனால் குறைத்துக் கேட்கலாம். சரி, விடுங்க, நான் கதையில் இருக்கிறேன்.

பனையடிக்குளத்தில் ஆடி மாசக் கோயில் கொடை. அம்மனுக்கும் சுடலைக்கும் சேர்த்து வருஷா வருஷம் நடக்கும். வருஷா வருஷம் நம் குழுதான். அந்தக் கொடைதான் எங்களுக்கு முகவரி, தம்பி. சுற்றுப்பட்டு ஊர்க்காரன் எல்லாம் அங்கே கேட்டுவிட்டுத்தான் தன் ஊர்க் கச்சேரிக்குப் பாக்கு வைத்துப் பேசுவான். பனையடிக்குளம் கையை விட்டுப் போனால் குழு போச்சு. அங்கே கமிட்டித் தலைவர் மந்திரமூர்த்தி. என்னைவிடக் கோபக்காரர்.

விளக்கு வைக்கிற நேரம். முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அது மாறாது. அந்தப் பாட்டு முடிகிறவரை கமிட்டியே கைகூப்பி நிற்கும். ஆசீர் பெட்டியில் அதற்கென்று மெத்தென்று ஒரு சத்தம் வைத்திருந்தான், வீணை மாதிரி. ஒத்திகையில் கேட்டு எனக்கே கண் கலங்கியது. பார்த்தியாலே, பெட்டியைத் திட்டினியே என்றுகூட அவனிடம் சொன்னேன்.

பாட்டு தொடங்குகிற நேரம் பார்த்து லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினான் பந்தல்காரன். எல்லாம் அணைந்து எல்லாம் எரிந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். பெடல் என்றால் அணைந்த இடத்திலேயே முழித்துக்கொள்ளும். பெட்டி அப்படியா? அது கம்ப்யூட்டர் சாதி. தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, கம்பெனி பேரைக் காட்டி, கடைசியில் தன்னுடைய முதல் சத்தத்தில் போய் நிற்கும். அதன் முதல் சத்தம் என்ன? கம்பெனிக்காரன் பெருமைக்கு வைத்தது. நூறு லாரியை ஒரே நேரத்தில் உறும விட்ட மாதிரி ஒரு சத்தம். அது ஆசீருக்குத் தெரியாது. அவன் கண்ணை மூடி, பிள்ளையாரை நினைத்து, ஒரு கம்பியைத் தொட்டான்.

தம்பி, பந்தல் ஆடியது.

மேடைப் பக்கத்தில் சுடலைக்கு ஆடுகிற சாமியாடி டீ குடித்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து மகுட மேளம் அடித்துக் கூப்பிட்டால்தான் அவர்மேல் சாமி வரும். அது வழக்கம். டீக்கிளாஸ் ஒரு பக்கம் பறந்தது, துண்டு ஒரு பக்கம் பறந்தது. "ஏய்ய்ய்!" என்று ஒரே தாவில் மேடையில் நிற்கிறார். ஆசீர் பயந்து கையை எடுத்துவிட்டான்.

"எவம்லே நிறுத்துனது?" என்றது சாமி. "அடிலே!"

அவன் என்னைப் பார்க்கிறான். நான் என்ன செய்ய, சாமி சொல்கிறது. அடித்தான். அவர் ஆடினார். நிறுத்தினால் அவன் கழுத்துக்கு நேரே வந்து நின்று முறைக்கிறார். பிள்ளையார் பாட்டு பாட வந்த உலகம்மாள் மைக்கைப் பிடித்தபடி ஓரமாய் நின்று, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

மந்திரமூர்த்தி மிக்ஸருக்கு வந்தார். "என்னவே நயினாரு, பிள்ளையாருக்குப் பாடச் சொன்னா சுடலையைக் கூப்பிட்டுட்டீரு? படையலுக்குச் சோறு இன்னும் வேகலை. சாமி வந்து நிக்குது. இப்ப நான் சாமிக்கு எதைக் குடுக்க? உம்ம பெட்டியையா?"

"பொட்டி கொஞ்சம் கோளாறாயிட்டு..."

"கோளாறு பொட்டிக்கா, உமக்கா? ஐப்பசியில என் மக கல்யாண வரவேற்பு இருக்கு. அதுல ஒழுங்கா வாசிச்சா அடுத்த கொடை உமக்கு. இல்லன்னா இந்த ஊர் எல்லையில உம்ம வேனைப் பாக்கப்பிடாது."

அது ஒரு இடி. அடுத்த இடி வேனில் காத்திருந்தது. ஆசீர் கிட்டாரை உறையில் போட்டுவிட்டான்.

"என் பெடலைக் குடுங்க அண்ணாச்சி. இல்ல, என்னை விட்டுருங்க. வேற குழுவிலேருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. பிள்ளையார் பாட்டு வாசிச்ச கை இது. இன்னைக்கு என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியலை."

நான் தணிந்து பேசியிருக்கலாம். தணிந்து பேசினால் அது நான் இல்லையே. எல்லாரும் கேட்க, வேன் கதவை ஓங்கித் தட்டிச் சொன்னேன். "பெட்டி தப்பு இல்லைலே, இந்தப் பீஸ்தான் தப்பு. வேற பீஸ் வாங்கியாரேன். அந்த வரவேற்புல பெட்டிதான் வாசிக்கும். அது தோத்துச்சுன்னா, இனி என்னைக்குத் தோத்தாலும் சரி, குழு போர்டைக் கழட்டி அடுப்புல வைக்கேன். மிக்ஸரை வித்து டீக்கடை போடுதேன். நயினார் சொன்னா சொன்னதுதான்!"

சொன்ன பிறகுதான் யோசித்தேன். குழு போனால் நான் யார், தம்பி? எட்டாம் வகுப்புத்தானே? ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதே. வார்த்தைக்கு ஏது எக்ஸ்சேஞ்சு?

மறுநாளே மதுரைக்குப் போனேன். உலகம்மாளும் கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். எனக்கு ஒத்தாசைக்குத்தான். பாய் கடையில் நான் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. அவர் பொறுமையாய், "பெட்டியில கோளாறு இல்ல அண்ணாச்சி, கரண்டு போய் வந்தா எந்தச் சத்தத்துல நிக்கணும்னு நாமதான் முதல்லயே சொல்லி வைக்கணும்" என்று ஏதேதோ விளக்குகிறார். விளக்கத்துக்கெல்லாம் நான் மசிவேனா? பீஸை மாற்று என்று நின்றேன். கடைசியில் மனுஷர் என் வாய்க்குப் பயந்து, உறை பிரிக்காத புதுப் பீஸ் ஒன்றைக் கொடுத்தார். மேலே ஒரு பையும் சும்மா வாங்கினேன். இதோ, என் மடியில் இருக்கிறதே, இந்தப் பைதான்.

நான் வெளியே வந்து ஜெயித்த களைப்பில் ஒரு சர்பத் குடித்தேன். உலகம்மாள் உள்ளேயே நின்று பாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்றேன். "நீங்க போட்ட சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். அவள் அப்படி, இரக்கக்காரி. கையில் பெரிய துணி மூட்டை.

"இது என்ன?"

"மேக்கப் சாமான். பக்கத்துல ஃபேன்சி ஸ்டோர் இருந்துச்சு."

பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் சுமந்தேன். தோள் இறங்கிப்போனது. "என்னட்டி இது, பவுடர் டப்பா இம்புட்டுக் கனமாவா இருக்கும்?" என்றால், "நல்ல பவுடர்னா கனமாத்தாங்க இருக்கும், போலிதான் லேசா இருக்கும்" என்கிறாள். எனக்கு அந்தச் சாமான் பற்றி என்ன தெரியும்? சுமந்தேன்.

போகும்போது காதில் கிடந்த ஜிமிக்கி வரும்போது இல்லை. கேட்டேன். காது கனக்கிறது, கழற்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன் என்றாள். அன்றிலிருந்து மேடைக்குக் கவரிங்தான். "மேடை வெளிச்சத்துல தங்கமும் கவரிங்கும் ஒண்ணுதானங்க, பாக்கிறவனுக்குத் தெரியவா போவுது?" என்றாள். பாருங்க, என்னோடு குடித்தனம் பண்ணி என் புத்தி அவளுக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

ஐப்பசி வந்தது. மந்திரமூர்த்தி மகள் கல்யாண வரவேற்பு. ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கிறது. சாமியாடியும் முன்வரிசையில், வேட்டி சட்டையில், மொய்க் கவரோடு. மேடையைப் பார்த்தேன். நம் புதுப் பெட்டி ஆசீருக்கு முன்னால், கூட்டம் பார்க்க, நட்டநடுவே. சிவப்பும் பச்சையுமாக விளக்கு மினுக்குகிறது. கிறிஸ்துமஸ் மரம் தோற்றது போங்க.

அன்றைக்கு உலகம்மாள் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். பெரிய தகர மேக்கப் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து ஆசீர் காலடியில் திறந்து வைத்தாள். மூடி எங்கள் பக்கம், வாய் அவன் பக்கம். நான் மேடைக்குக் கீழே வந்து கேட்டேன், இது எதுக்கு இங்கே என்று.

"வேர்த்தா முகம் துடைக்க வேண்டாமா? பாட்டுக்கு நடுவுல உள்ள ஓடவா?"

"அதுக்குள்ள வயர் போவுதே?"

"கண்ணாடிக்கு லைட்டு."

"சரி, நான் கொஞ்சம் ஓரமா நகத்தி..."

"தொட்டுராதீங்க! பொம்பள சாமானு, கண்டதும் இருக்கும்."

நான் கையை எடுத்துவிட்டேன். சபை நாகரிகம் தெரிந்தவன் நான். ஸ்பீக்கரோடு சேர்ந்த ஆசீரின் பழைய ஆம்ப் ஒன்று கீபோர்டுக்குப் பின்னால் கிடந்தது. பெட்டி வந்த பிறகு அது எதுக்குலே என்றால், தண்ணி பாட்டில் வைக்க அண்ணாச்சி என்றான். அதற்கு நேரே முழங்கால் உயரத்தில் ஒரு மைக். அது கோரஸ் பாடவாம். இன்றுவரை அவன் கோரஸ் பாடி நான் கேட்டதில்லை. கூச்சக்காரன்.

தொடங்கினார்கள். பிள்ளையார் பாட்டு. தம்பி, என்னத்தைச் சொல்ல! நெய்யில் விரலை முக்கி எடுத்த மாதிரி ஒரு சத்தம். பழைய பலகையில் வருமே, அதே சத்தம். அதே குழைவு, அதே எதிரொலி. அச்சு அசல். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பார்த்தியா, இதைத்தானே சொன்னேன், எல்லாப் பெடலும் பெட்டிக்குள்ளே இருக்கு என்று!

இன்னும் கேளுங்க. நடுவில் ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமியது. எல்லாம் அணைந்து எல்லாம் எரிந்தது. சாமியாடி மொய்க் கவரைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் துண்டை இறுக்குகிறார். பெட்டி இன்னும் கண்ணையே திறக்கவில்லை. விளக்கு வரவில்லை, கம்பெனி பேர்கூட வரவில்லை. அதற்குள் கிட்டார் வந்துவிட்டது! அதே மெத்தென்ற சத்தம்! விளக்கு எரிவதற்கு முன்னால் வாசிக்கிற பெட்டியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுதான் புதுப் பீஸின் வேகம். மாற்று என்று சண்டை போட்டேனே, சும்மாவா?

மந்திரமூர்த்தி எழுந்து வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். "வேய், உம்ம பெட்டி திருந்திட்டுவே" என்றார். கொடை நமக்குத்தான். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு குறை இல்லை. மேக்கப் பெட்டியும் மேடை தவறாமல் வருகிறது. ஆசீர் பாட்டுக்குப் பாட்டு அதற்குள் காலை விட்டு அழுத்துகிறான். ஒரு பொம்பளை சாமான்மேல் காலை வைக்கலாமாலே என்று திட்டினேன். உலகம்மாள்தான், "விடுங்க, அவருக்குத் தாளம் போடணும்" என்றாள்.

ஒருநாள் நானே மேடை ஏறி, சும்மா பார்ப்போமே என்று பெட்டிக் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகினேன். ஆசீர் வாசித்துக்கொண்டிருக்கிறான். சத்தம் இம்மி மாறவில்லை. என்னலே என்றால், "உங்களை மாதிரி ஆள் தொட்டுரக் கூடாதுன்னு லாக் போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றான். மதினி, மதினி என்று உலகம்மாளிடம் ஏதோ சொல்லி ரெண்டு பேரும் சிரித்தார்கள். குழுவில் அவ்வளவு ஒற்றுமை.

சாத்தூரா இது? இருங்க. ஏம்மா, வெள்ளரிப்பிஞ்சு எப்படி? இந்த முத்தலுக்கா இந்த விலை? பஸ் கிளம்பப் போகுது, நான் வாங்கலைன்னா திரும்பக் கூடையைச் சுமந்துக்கிட்டுத்தான் போகணும், பாத்துக்கோ... சரி, அந்த உப்புமிளகாயையும் சேத்துப் போடு. சாப்பிடுங்க தம்பி. பார்த்தீங்களா, கிளம்புகிற பஸ்ஸில் இருந்து பேசணும். அதுதான் நேரம்.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். நீங்க எதுக்கு மதுரை வரைக்கும் போய் அலையணும்? சரக்கு உங்க பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோகிறேன், பாயிடம் கொடுத்துவிட்டு இதைவிடப் பெரிசா புது மாடல் எடுக்க. வீட்டில் கேட்டேன். "எந்தப் பெட்டியா இருந்தா என்னங்க, உங்களுக்குப் பிடிச்சதை வாங்கியாங்க" என்றாள். ஆசீரிடம் கேட்டேன். "விளக்கு மட்டும் நல்லா எரியணும் அண்ணாச்சி" என்றான். பலகைக்காக என்னோடு சண்டை போட்டவன், தம்பி! பெட்டிமேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது. இனி அது தோற்காது என்று எனக்கும் தெரியும், என் சபதமும் அப்படியே நிற்கிறது.

இதோ, உறையை அவிழ்க்கிறேன். கையில் வாங்கிப் பாருங்க. ஒரு கீறல்? ஒரு தூசி? எத்தனை மேடை, எத்தனை ஊர். இந்த ஓட்டையைப் பாருங்க, கிட்டார் வயரைச் சொருகுகிற ஓட்டை. கம்பெனியில் ஒட்டி அனுப்பின ஸ்டிக்கர்கூட அதன்மேல் அப்படியே இருக்கிறது! இவ்வளவு வாசித்தும் உரியவில்லை! அப்படி ஒரு பக்குவமாய் ஆண்டிருக்கிறான் ஆசீர். நான் வளர்த்த வளர்ப்பு.

என்ன? அப்போ வயர் எது வழியாய்ப் போனதாம்? இது என்ன கேள்வி! ஏதோ ஒரு வழியாய்ப் போயிருக்கும். நூறு ஆம்ப் உள்ளே இருக்கிறது, ஒரு வயர் போக வழியா இல்லாமல் போகும்? நீங்க ஏன் இப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறீங்க? வெள்ளரிக்காய் புரை ஏறிவிடப் போகிறது. தண்ணி குடிங்க.

பெட்டி வேண்டாமா? அப்புறம் எது வேணும்?

என்னது!

ஏய், என்ன கேட்டே நீ? என் பெண்டாட்டி மேக்கப் பெட்டியை விலைக்குக் கேக்கிறியா? ஆம்பளப் பிள்ளை, கையில கிட்டாரு, படிச்ச முகம், உனக்கு எதுக்குலே பவுடரும் கண்மையும்? அவ ஆசை ஆசையா மதுரையில வாங்கினது, நான் தோளு தேயச் சுமந்தது, அதைப் பஸ்ஸுல பாத்த ஒருத்தன் விலை கேப்பியா? என்ன கண்டக்டர் பார்க்கீரு, எனக்குக் கோபம் வரக்கூடாதா? நீ சிரிக்காதே! உன் பக்கத்தில் உட்கார்ந்ததே தப்பு. நான் முன்சீட்டுக்குப் போகிறேன். பேச்சு முடிந்தது. முடிந்தே போனது!

...

ஒன்றும் இல்லை, குடையை விட்டுவிட்டேன். எடுக்க வந்தேன்.

விருதுநகர் தாண்டியாச்சு, இல்லையா. மதுரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளுங்க, நின்றால் கால் வலிக்கிறது. வந்ததுக்கு ஒன்று கேட்கிறேன், தம்பி. அந்த மேக்கப் பெட்டி, தகரம் கெட்டித் தகரம். உள்ளே இருக்கிறதும் நல்ல கனம், போலி இல்லை, நானே சுமந்திருக்கிறேன். உலகம்மாள் என்ன சொல்வாளோ என்று நீங்க யோசிக்க வேண்டாம். கேட்டால் கொடுக்க மாட்டாள். அதனால் நான் கேட்கப் போவதில்லை.

எவ்வளவு தருவீங்க, சொல்லுங்க.